வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க

ஜனவரி 5

வண்டி இன்று ஸ்டார்ட் ஆகவில்லை.

வண்டி என்றால் என் மகள் ஆதிரை பனியில் ஓட்டும் குட்டி ஸ்னோமொபைல். மஞ்சள் நிறம். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் பல் வைத்த ரப்பர் பட்டை, நடுவில் புல் வெட்டும் மெஷினில் இருப்பதுபோல ஒரு சின்ன எஞ்சின். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஓட்டுவதற்கென்றே செய்தது. முழுக்க முடுக்கினாலும் சைக்கிள் வேகம்தான் போகும். போன குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் யாரிடமோ பழையதாக வாங்கி வந்தார். கனடாவின் இந்த வடகோடி ஊரில் நடக்கப் பழகியதுமே பிள்ளைகள் இதில் ஏறிவிடுகிறார்கள். "நம்ம புள்ள மட்டும் சன்னல்ல நின்னு பாக்கோணுமா?" என்றார். ஓட்டக் கற்றுக்கொடுத்தது, எஞ்சின் ஆயில் மாற்றியது, பட்டையில் இறுகிய பனிக்கட்டியைத் தட்டி எடுத்தது எல்லாம் அவர்தான். சன்னலில் நின்று பார்த்தது நான்.

அக்டோபரில் அவர் வேலை பார்த்த சுரங்கத்தில் ஆள் குறைத்தார்கள். அவருக்குத் தெற்கே பெரிய நகரத்தில் வேலை கிடைத்தது. இங்கிருந்து இரண்டு விமானம் மாறிப் போகவேண்டும். நல்ல வீடாகக் கிடைத்ததும் எங்களைக் கூப்பிட்டுக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு வருவதாகத்தான் இருந்தது. புயலில் விமானம் ரத்தாகிவிட்டது என்றார். இங்கே அன்று வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அங்கே புயலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த ஆதிரை, பையைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினாள்.

"அம்மா, வண்டி செத்துப்போச்சு. அப்பாவக் கேக்கலாமா?"

நானும் போய்க் கயிற்றை இழுத்தேன். மைனஸ் முப்பதில் அந்தக் கயிறே கம்பிபோல விறைத்துக் கிடந்தது. தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். "வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க" என்று அவருக்கு மெசேஜ் போட்டேன். உடனே வீடியோவில் வந்துவிட்டார். புத்தாண்டுக்குக்கூட ஒரு படம் அனுப்பியதோடு சரி, இப்போது முகமே வந்துவிட்டது. தாடி எடுத்திருந்தார். நன்றாக இருந்தது.

"சோக்க இழுத்தியா, வான்மதி?"

"சோக்குன்னா எதுங்க?"

"அட, அந்தக் கருப்புக் குமிழு. ஆதிரைக்குத் தெரியுமே. குளுந்த எஞ்சினுக்கு சோக் போட்டு இழுக்கோணும், சித்த நேரம் உறுமுனதும் உள்ள தள்ளிப்போடோணும். பி.டெக் படிச்சு என்ன பண்ணுன?"

"துணி நெய்யறதப் பத்திப் படிச்சேனுங்க."

சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று. சோக்கை இழுத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. ஆதிரைக்குத் தெரிந்ததுதான், மறந்துவிட்டாளாம். வண்டி உறுமும்போது அவள் வண்டியைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 9

"சாப்பிட்டீங்களா" என்று காலையில் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டுகிறது.

ஜனவரி 11

மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. சோக் போட்டும் ஆகவில்லை. மெசேஜ் போட்டேன், கூப்பிட்டார். மனிதர்களுக்கு நேரமில்லாவிட்டாலும் மெஷினுக்கு நேரம் ஒதுக்கும் ஆண்கள் உண்டு. என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார், மோட்டார் ஓடவில்லையென்றால் கல்யாண வீட்டிலிருந்துகூட எழுந்து வந்துவிடுவார்.

எஞ்சினை மூடியிருக்கும் ஹூடைத் திறந்து போனை உள்ளே காட்டச் சொன்னார். அங்கே, இங்கே என்று தேடி, கடைசியில் பெட்ரோல் டேங்கின் கீழே இருக்கும் வால்வைக் கண்டுபிடித்தார். மூடியிருந்தது.

"இத யாரு மூடுனது?"

நான் மூடவில்லை. ஆதிரையும் மூடவில்லை என்றாள். அதிர்வில் தானாக மூடியிருக்கும் என்றேன். "அதெப்படித் தானா மூடும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. கொஞ்சம் விட்டு இரண்டு. மூன்றாவது வந்ததும் நின்றுவிட்டது. யாரோ சரியாக அணைத்திருக்கிறார்கள். பருப்புக்கு மூன்றுதான்.

"யாரப்பா சமைக்கிறாங்க?" என்று ஆதிரை கேட்டாள்.

"ரூம்மேட்டு கண்ணு."

அவருக்கு விசில் எண்ணத் தெரியாது. கல்யாணமான புதிதில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் குக்கர் அடிப்பிடித்துக் கரிந்திருக்கும். நல்ல ரூம்மேட் கிடைத்திருப்பது ஒருவகையில் நிம்மதி. வேளைக்குச் சாப்பிடுகிறார்.

ஜனவரி 15

பொங்கல். மின்சார அடுப்பில் பால் பொங்கவைத்தேன், புகை அலாரம் கத்திற்று. ஆதிரை "பொங்கலோ பொங்கல்" என்பதற்குப் பதில் சன்னலைத் திறக்க ஓடினாள்.

காங்கயத்திலிருந்து அம்மா கூப்பிட்டது.

"ஏங்கண்ணு, மாப்ள எங்க? குடு, ஒரு வார்த்த பேசிக்கறேன்."

"அவரு வெளிய போயிருக்காருங்ம்மா. ஆதிரையக் கூட்டிக்கிட்டு ஏரிப்பக்கம் வண்டி ஓட்டப் போயிருக்காரு."

"அந்தக் குளுருக்குள்ளயா? பொங்கலன்னிக்குக் கூடவா?"

"இங்க அப்படித்தாம்மா."

ஆதிரை எதிரே உட்கார்ந்து கரும்பு என்று நினைத்துக்கொண்டு செலரிக் கீரைத் தண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து போய், நிஜமாகவே வெளியே போவதுபோலக் கதவைத் திறந்து மூடிச் சத்தம் எழுப்பினாள். "வந்துட்டாங்களாட்ட இருக்குது" என்றது அம்மா. "குளிக்கப் போயிட்டாரும்மா" என்றேன்.

பிள்ளைக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜனவரி 19

பள்ளிக்கு மதிய உணவு: தயிர்சாதம் (வீட்டுக்குத் திரும்பி வந்தது). கடையில் ஆறு மணி நேரம் கல்லாவில் நின்றேன். வண்டிக்கடியில் பலகை போட்டேன். வெறும் பனியில் நிறுத்தினால் ரப்பர் பட்டை தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவர் போன தடவை சொன்னார். சறுக்குக் கட்டைகளுக்கும் ஒன்று வைத்தேன்.

சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஹூடைத் திறந்தேன். ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடி கழன்று தொங்கியது. அதன் பக்கத்தில், எஞ்சின்மேல், ஊதா நிறச் சின்னக் கையுறை ஒன்று கிடந்தது.

கையுறையை எடுத்து ஹீட்டர் மேல் காயப்போட்டேன். ஹூடை மூடினேன். அவருக்கு மெசேஜ் போட்டேன்.

நிறைய நேரம் பேசினார். ஆதிரை பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டைப் பாடிக் காட்டினாள். பிளக் மூடியை அவர் சொல்லிச் சொல்லித்தான் நான் கண்டுபிடித்தேன்.

ஜனவரி 24

வண்டி ஓடுகிறது.

ஜனவரி 27

ஓடுகிறது. ஆதிரை பள்ளிவிட்டு வந்ததும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நிறுத்திவிடுகிறாள். சலிப்பாம். கையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சுருள் கயிற்றை மாட்டாமல் ஏறினாள், திட்டினேன். அதன் மறுமுனை வண்டியில் செருகியிருக்கும். பிள்ளை விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் தானாக நின்றுவிடும். "நான் உழ மாட்டேம்மா." விழாதவர்களுக்குக் கயிறு எதற்கு என்று கேட்கிறாள். நானே மாட்டிவிட்டேன்.

வீடு பார்த்தாச்சா என்று இரண்டு மெசேஜ் அனுப்பினேன். ஊரில் மாமனாருக்கு முட்டிவலி என்று ஒன்று. நீலக் குறி.

ஜனவரி 30

காலையில் ஆதிரை எழுமுன் கொல்லைக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். சும்மாதான்.

ஜனவரி 31

இன்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆதிரை என்னைப் பார்த்தாள்.

"நான் இல்லம்மா" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே கண்ணு."

மெசேஜ் போட்டு ரொம்ப நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார். காரில் இருந்தார், ஓரமாக நிறுத்தியிருந்தார். எங்கோ கிளம்பியவரைப்போல நல்ல சட்டை.

"மறுபடியும் என்னாச்சு? சோக்கு? வால்வு?"

"எல்லாம் பாத்துட்டேனுங்க."

பிளக் மூடியைப் பார்க்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து சீட்டைப் பார்த்து "ஒரு நிமிசம்" என்றார். என்னிடம் அல்ல.

"பெட்ரோல் இறங்காமக் கெடக்கும். நம்மூர்ல ஸ்கூட்டரச் சாய்ப்பமில்ல, அப்படி ஒரு பக்கமாச் சாயி. ஏத்துக்கும்."

"கனமா இருக்குங்க."

"ஆதிரையப் புடிச்சுக்கச் சொல்லு. நல்லாச் சாயி. இன்னும். தரையத் தொடற அளவுக்குச் சாயி."

சாய்த்தேன். வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பழைய ஸ்கூட்டரை நானே எத்தனை முறை சாய்த்திருக்கிறேன், தாராபுரம் ரோட்டில் கல்லூரிக்குப் போகும்போது. சாய்த்து, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே எதுவோ களுக்கென்று ஓடும் சத்தம் கேட்டது.

"இப்ப நிமித்தி இழு."

இழுத்தேன். இல்லை.

"வான்மதி, எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்ல. வித்துப்போடு அத. இல்லைன்னா அங்க யாருகிட்டயாச்சும் குடுத்துப் பாரு. இதுக்காக என்னையக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காத."

ஆதிரை பக்கத்தில்தான் இருந்தாள். "சரீங்க" என்றேன். அவர் போன பிறகு ஹூடைத் திறந்து, சரியாக இல்லாததைச் சரியாக அழுத்திவிட்டு மறுபடி இழுத்தேன். கயிறு பாதியில் இறுகி நின்றது. உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டதுபோல. இப்போது நிஜமாகவே செத்துவிட்டது.

பிப்ரவரி 2

கயிறு நகரவில்லை. அவருக்கு எழுதவில்லை. எழுதினேன், அனுப்பவில்லை.

பிப்ரவரி 4

கடையில் ஒருவருக்கு இரண்டு முறை மீதிச் சில்லறை கொடுத்துவிட்டேன். அவரே திருப்பித் தந்தார். உடம்பு சரியில்லையா என்றார். குளிர் என்றேன். இங்கே எல்லாவற்றுக்கும் அந்தப் பதில் போதும்.

வண்டியைச் சரிசெய்யாவிட்டால் என்ன? யாருக்கும் ஒன்றுமில்லை. ஆதிரைக்குச் சறுக்குத் தட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தால் போகிறது. ஆனால் வண்டி செத்துவிட்டால் அவரிடம் கேட்க எனக்கு என்ன இருக்கும்? சாப்பிட்டீங்களா என்பதற்கு அவர் பதில் சொல்வதில்லை. ஹீட்டரைக் கூட்டினேன்.

பிப்ரவரி 7

வண்டியின் கையேட்டைக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான்: பக்கவாட்டில் சாய்க்கக் கூடாது. இது ஸ்கூட்டர் அல்ல. எங்கள் பழைய ஸ்கூட்டரில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றுவோம், எஞ்சினுக்கடியில் தனியாகத் தேங்கி நிற்காது, அதனால் எப்படிச் சாய்த்தாலும் ஒன்றும் ஆகாது. இதற்கு அடியில் தனி ஆயில் இருக்கிறது. சாய்த்தால் அது மேலே ஏறிக் காற்று வரும் பெட்டியிலும் எஞ்சினின் உள்ளேயும் நிறைந்துவிடும். நம்மூர் ஆள் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான். அவருக்குத் தெரியாததையே எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதை இரண்டு முறை படித்துத்தான் நம்பினேன்.

பிப்ரவரி 8

சரியாகிவிட்டது! நானே செய்தேன்.

ஆதிரை தூங்கி எழுமுன் தொடங்கினேன். முதலில் பிளக் மூடியைக் கழற்றினேன், பிறகு நீளக் குழாய் ஸ்பேனரால் பிளக்கை. கருப்பாக, நல்லெண்ணெயில் முக்கி எடுத்ததுபோல இருந்தது. பழைய பனியன் துணியால் துடைத்தேன். பிளக் இல்லாமல், சாவியை அணைத்து வைத்துக் கயிற்றை இழுத்தேன். இப்போது நகர்ந்தது. ஓட்டை வழியாக ஆயில் பீச்சிக்கொண்டு வந்து வெள்ளைப் பனியில் தெளித்தது. தெளிப்பது நிற்கும்வரை இழுத்தேன். காற்றுப் பெட்டியைக் கழற்றி, உள்ளே தேங்கியதைக் கொட்டித் துடைத்தேன். ஆயில் அளவைக் குச்சியில் பார்த்து, குறைந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றினேன். பிளக்கை மாட்டினேன். சோக். இழுத்தேன்.

முதலில் ஒரு தும்மல். பிறகு தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை. பிறகு அந்தச் சத்தம்.

நான் தனியாக நின்று சிரித்தேன். கையெல்லாம் கருப்பு. திரும்பினால் ஆதிரை, இரவு உடையோடு, பெரியவர்கள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாசலில்.

"பாத்தியா கண்ணு! ஓடுது!"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்பாவக் கூப்பிடவே இல்லையா?"

"தேவப்படல சாமி. அம்மாவே…"

"உன்ன யாரு சரிபண்ணச் சொன்னா?" என்று கத்தினாள். "உன்ன யாரு சரிபண்ணச் சொன்னா!" உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்தேன்.

பிப்ரவரி 12

பேசுவதில்லை. தட்டைத் தள்ளுகிறாள். வண்டிப் பக்கமே போவதில்லை. ஸ்பேனரை எடுத்து வைக்க இடமில்லாமல் கோட்டுப் பையிலேயே கிடக்கிறது.

பிப்ரவரி 17

இன்று சாப்பிடும்போது கேட்டாள்: "எந்த மாதிரி ரிப்பேரா இருந்தா போன்ல சரிபண்ண முடியாது?"

"தெரியல கண்ணு. ஏன்?"

"சும்மா."

பிப்ரவரி 21

முதலில் எழுதிவிடுகிறேன்: பிள்ளை நன்றாக இருக்கிறாள். பக்கத்தில் தூங்குகிறாள். விரல்கள் எல்லாம் சிவப்பாக, சூடாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை. ராத்திரியெல்லாம் விழித்திருப்பதால் மதியம் சோபாவில் கண் அசந்துவிட்டேன். வண்டிச் சத்தம் கனவில் கேட்டது. எழுந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அவள் கோட்டு இல்லை, ஹெல்மெட் இல்லை. கொல்லையில் பலகை மட்டும் கிடந்தது. மேசைமேல் வைத்திருந்த என் போனையும் காணோம்.

வீட்டுக்குப் பின்னால் சரிவு, சரிவுக்குக் கீழே ஏரி. கொல்லையைத் தாண்டக் கூடாது என்பதுதான் நாங்கள் வைத்த ஒரே சட்டம். பட்டையின் தடம் வேலியிடுக்கு வழியாகச் சரிவில் இறங்கி நேராக ஏரிமேல் போயிருந்தது. ஏரி உறைந்து இப்போது லாரி தாங்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் காற்று அடித்தது. தடத்தின்மேல் பனித்தூள் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். ஓடினேன். கோட்டு மாட்டினேன், கையுறையை மறந்தேன். யாரைக் கூப்பிடுவது, எதை வைத்துக் கூப்பிடுவது? ஏரிமேல் வழி தெரிவதற்காக ஊன்றியிருக்கும் கிளைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஓடினேன். பெயரைக் கத்தினேன், காற்று வாயிலேயே திருப்பித் திணித்தது. என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். அவர் வேண்டாம், வீடு வேண்டாம், எதுவும் வேண்டாம் என்றெல்லாம்.

கரை வளையும் இடத்துக்கு அப்பால் மஞ்சளாகத் தெரிந்தது. வண்டி பக்கவாட்டில் படுத்திருந்தது. அதற்குக் காற்று மறைவாக ஆதிரை குந்தியிருந்தாள். சிவப்புக் கயிறு கையில் சுற்றியிருந்தது. போனை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தாள்.

அடிக்கத்தான் போனேன். கட்டிப்பிடித்துக்கொண்டேன். பூட்ஸ் ஒன்றில் பனி புகுந்து காலுறை நனைந்திருந்தது. என் கழுத்துச் சால்வையை உருவி அந்தக் காலில் சுற்றினேன்.

"உழுந்தியா? எங்க அடிபட்டுச்சு?"

"உழல. நானாத்தான் சாய்ச்சேன். பனி மேட்டுல ஒரு கட்டைய ஏத்துனா அதுவே சாஞ்சுக்குது." பல் தந்தியடித்தது. "சாய்ச்சா செத்துப்போகுமில்ல? அன்னிக்கு நீ சாய்ச்சப்ப செத்துச்சே. இவ்ளோ தூரத்துல செத்தா நீயும் சரிபண்ண முடியாது. போன்லயும் முடியாது. அப்பா நேர்ல வந்துதான ஆகோணும்?"

வண்டியை நிமிர்த்தினேன். அது கனக்கவே இல்லை இன்று.

"அப்பாவக் கூப்பிட்டேம்மா."

"எடுத்தாரா?"

"ஒரு ஆன்ட்டி எடுத்தாங்க."

ஹூடைத் திறந்தேன். பிளக் மூடியைக் கழற்றினேன். ஸ்பேனர் கோட்டுப் பையில் இருந்தது. வெறும் விரல் இரும்பில் ஒட்டிக்கொண்டது, பிய்த்தெடுத்தேன்.

"தமிழ்லதாம்மா பேசுனாங்க. அவரு குளிக்கிறாரு, நீங்க யாருன்னாங்க. ஆதிரைன்னேன். அப்பறம் அவங்க பேசவே இல்ல. ஹலோ ஹலோன்னேன். குளுருல போன் செத்துப்போச்சு."

"சரி கண்ணு."

"அவங்கதான் ரூம்மேட்டா?"

"சாவிய அணைச்சு வெய்யி. கயிறு இழுக்கப்போறேன், தள்ளி நில்லு, ஆயில் தெறிக்கும்."

இழுத்தேன். எஞ்சின் இன்னும் முழுதாகக் குளிரவில்லை, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆயில் வந்தது. மறுபடி இழுத்தேன். ஆதிரை என் பக்கம் வந்து கயிற்றுப் பிடியில் அவள் கையையும் சேர்த்து வைத்தாள். இரண்டு பேரும் இழுத்தோம்.

"அப்பா சாய்க்கச் சொன்ன அன்னிக்கு பிளக் மூடிய நீதான கழட்டுன?" என்றாள்.

இழுப்பதை நிறுத்தினேன்.

"எனக்குத் தெரியும். நான் கழட்டுனா அப்படியே தொங்க உடுவேன். அது பின்னால மடிச்சு நீட்டா வெச்சிருந்துச்சு. துணி மடிக்கிற மாதிரி."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும். "ஆமா சாமி, நான்தான்" என்றேன்.

"அப்பா பேசோணும்னா?"

"ம்."

"நானும் அதுக்குத்தான்."

"தெரியும். உன்ற கையுறை உள்ள கெடந்துச்சு."

காற்றுப் பெட்டியைக் கழற்றிக் கொட்டினேன். பிளக்கைக் கோட்டின் உட்புறத்தில் துடைத்து மாட்டினேன். விரல் என்னுடையது மாதிரி இல்லை, கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருகினேன். சோக். இழுத்தேன். இல்லை. இழுத்தேன். இல்லை. காற்று இரைந்தது, ஊர் இருக்கும் பக்கம் வெள்ளையாகிக்கொண்டு வந்தது. ஆதிரை "வா வண்டி, வா வண்டி" என்று முனகினாள். இதுவரை இந்த வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று நாங்கள் இரண்டு பேரும் எத்தனை முறை நினைத்திருப்போம். அத்தனையையும் மன்னித்துவிடு என்றேன் எஞ்சினிடம். வாய்விட்டே சொன்னேன்.

தும்மியது. புகைந்தது. பிடித்துக்கொண்டது.

அவளை ஏற்றிக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினேன். என்னைத் தாங்காது வண்டி. பின்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். "மெதுவா போலாமா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டாள். "நீ ஓட்டு, முன்னால பாத்து ஓட்டு" என்று கத்தினேன். கிளை, அடுத்த கிளை, அடுத்த கிளை. அவள் ஒரு கிளையைக்கூடத் தவறவிடவில்லை. அவர் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 22

போன் ராத்திரியே உயிர்த்துவிட்டது. அவரிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள். இவ்வளவு நாளில் அவராகக் கூப்பிட்டதே இல்லை.

காலையில் ஆதிரை கஞ்சி குடித்தாள். ஒரு கால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் மரத்திருக்கிறது என்றாள், நர்ஸிடம் காட்டினேன், பயமில்லை என்றார். வீட்டுக்கு வந்து இருவரும் கொல்லையில் வண்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம். ஆயில் ஊற்றினோம், சறுக்குக் கட்டையின் அடியைத் துடைத்தோம், பட்டையைத் தூக்கிப் பனியைத் தட்டினோம். ஆதிரை குச்சியில் ஆயில் அளவைப் பார்த்து "சரியா இருக்கு" என்றாள்.

அப்போதுதான் மறுபடி கூப்பிட்டார். வீடியோ இல்லை, குரல் மட்டும். நான் சமையலறைப் படிக்கட்டில் நின்று எடுத்தேன்.

"ஹலோ, வான்மதி? நேத்து ஆதிரை கூப்பிட்டாளாமே… நான்… போன் வேற எடுக்கல நீ. என்னாச்சு? வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகுதுங்க."

"அப்பறம் எதுக்குக் கூப்பிட்டா?"

ரிப்பேர் எதுவும் இல்லாமல் நாங்கள் போனில் இருப்பது இதுதான் முதல் தடவை. இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவர் "வான்மதி, நானே சொல்லோணும்னுதான்…" என்று ஆரம்பித்தார்.

அவருக்குப் பின்னால் குக்கர் விசிலடித்தது. அவர் நிறுத்திவிட்டார். இன்னொன்று அடித்தது. நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவதும் அடித்தது. யாரும் அணைக்கவில்லை. அந்த வீட்டில் இருந்த இன்னொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்தப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நான்காவது அடிக்கத் தொடங்கியது.

"மூணு விசில் தாண்டிருச்சு" என்றேன். "பருப்புக் கரிஞ்சுரும். அவங்கள அணைக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் செருப்புக் காலடி, அடுப்புக் குமிழ் திரும்பும் சத்தம்.

கொல்லையில் ஆதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கிச் சிவப்புக் கயிறு மாட்டியிருப்பதை எனக்குக் காட்டினாள். நான் தலையாட்டினேன். கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பு.

"கேக்குதுங்களா?" என்றேன் போனில்.